“பள்ளி பாதுகாப்பானதா?”: கேள்வியிலேயே ஒரு சிக்கல்

2020, 2021 இரண்டு ஆண்டுகளும் உலகம் முழுக்க ஒரே வாக்குவாதம். கோவிட்-19 கொள்ளைநோய்க்கு நடுவில் ஆசிரியர்கள் பள்ளிக் கட்டடத்துக்குத் திரும்ப வேண்டுமா? “செவிலியர் வேலைக்குப் போகிறார், கடைக்காரர் போகிறார், பேருந்து ஓட்டுநர் போகிறார். இவர்களுக்கு மட்டும் வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளமா?” என்று ஒரு தரப்பு. “எங்கள் உயிர் என்ன அவ்வளவு மலிவா?” என்று இன்னொரு தரப்பு. ஒருவர் ஓர் ஆய்வைத் தூக்கிக் காட்டி “பள்ளி பாதுகாப்பானது” என்பார். அடுத்தவர் வேறோர் ஆய்வைக் காட்டி “இல்லவே இல்லை” என்பார். வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் இரண்டு ஆய்வுகளுமே சரியாக இருக்கும்.

இன்றைக்கும் இந்தப் பேச்சு எழுந்தால் அதே சுவரில் போய்த்தான் முட்டிக்கொள்கிறது. “பள்ளி பாதுகாப்பானதா?” என்பது பாதிக் கேள்வி, அதுதான் காரணம். யாருக்கு, எப்போது, எந்த அறையில் என்ற மூன்றையும் சேர்த்தால்தான் அதற்குப் பதில் சொல்லவே முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

## ஆபத்து வேறு, இடர் வேறு

ஆழமான கிணறு ஆபத்தானது. அதைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பி, மேலே கம்பி வலையும் போட்டுவிட்டால்? கிணற்றின் ஆழம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. விழுகிற வாய்ப்புதான் குறைந்தது. சரி, வலையையும் மீறி ஒருவர் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கு நனைந்த சட்டையோடு போகும். தெரியாதவருக்கு உயிரே போகலாம்.

கெடுதல் செய்யக்கூடிய பொருளை ஆபத்து என்போம். அந்தக் கெடுதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இடர் என்று பெயர். கிருமி என்பது ஆபத்து. அந்தக் கிருமி இருக்கும் காலத்தில் 40 பேரோடு ஓர் அறையில் ஆறு மணி நேரம் இருப்பதில் உள்ளது இடர். ஆபத்தை நம்மால் ஒழிக்க முடியாமல் போகலாம். இடரைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

## யாருக்கு?

கோவிட்-19 பரவிய முதல் ஆண்டில், தடுப்பூசி வருவதற்கு முன், தொற்றியவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று வயதுவாரியாகக் கணக்கிட்டார்கள். 10 வயதுப் பிள்ளைக்கு அது சுமார் 0.002 சதவீதம். அதாவது 50,000 பேரில் ஒருவர். 55 வயதுக்காரருக்கு சுமார் 0.4 சதவீதம், 250 பேரில் ஒருவர். 65 வயதில் அது 1.4 சதவீதத்துக்குப் போய்விடுகிறது.

முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும், கரும்பலகை முன் நிற்கும் 55 வயது ஆசிரியையும் ஒரே காற்றைத்தான் இழுக்கிறார்கள். கிருமி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் தொற்றினால் ஆசிரியையின் உயிருக்கு வரும் இடர் 200 மடங்கு அதிகம்.

இந்த ஓர் எண் தெரிந்தாலே பாதிச் சண்டை புரிந்துவிடும். “பள்ளி பாதுகாப்பானது” என்று சொன்ன பெற்றோர் பெரும்பாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். “இல்லை” என்ற ஆசிரியர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் கணவரோ, 80 வயதுத் தாயோ இருந்தால் அந்த முகங்களையும் சேர்த்துத்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசியது வேறு வேறு ஆட்களைப் பற்றி.

## எப்போது?

மழை பெய்கிறதா என்று பார்க்காமல் “குடை தேவையா?” என்று விவாதிப்பது எப்படி இருக்கும்? பள்ளி விவாதம் பாதி அப்படித்தான் நடந்தது. இன்றைய தேதியில் ஊரில் எத்தனை பேரிடம் தொற்று இருக்கிறது என்பதைச் சமூகப் பரவல் அளவு என்பார்கள். பள்ளிக்குள் கிருமி வருவது வானத்திலிருந்து அல்லவே. ஊரிலிருந்து, ஏதோ ஒரு வீட்டிலிருந்து, யாரோ ஒருவரோடு சேர்ந்துதான் வாசலைத் தாண்டுகிறது.

ஒரு பையில் 1,000 மணிகள், அதில் ஒன்றே ஒன்று சிவப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி 30 மணிகள் எடுத்தால் சிவப்பு மாட்டிக்கொள்ள 3 சதவீத வாய்ப்புதான். அதாவது, ஊரில் 1,000 பேரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், 30 பேர் கொண்ட ஒரு வகுப்பில் தொற்றாளர் ஒருவராவது இருக்க 3 சதவீத வாய்ப்பு. இப்போது பரவல் பத்து மடங்கு கூடி, 100 பேரில் ஒருவருக்கு என்று ஆகிறது. அதே 30 பேர் வகுப்பில் வாய்ப்பு 26 சதவீதம். கட்டடம் அதேதான், மேசை நாற்காலிகளும் அவைதான், பாடத்திட்டத்தில்கூட மாற்றம் இல்லை. போன மாதத்துப் பள்ளியும் இந்த மாதத்துப் பள்ளியும் மட்டும் ஒன்றல்ல.

இதோடு நிற்கவில்லை. கணக்கு ஆசிரியர் ஒருவர் ஒரு நாளில் ஐந்து வகுப்புகளுக்குப் போகிறார். மொத்தம் 150 முகங்கள். 100 பேரில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் காலத்தில், அந்த 150 பேரில் ஒருவராவது தொற்றோடு இருக்க வாய்ப்பு சுமார் 78 சதவீதம். தன் வகுப்பை விட்டு நகராத மாணவருக்கு 26, வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கும் ஆசிரியருக்கு 78. காய்ச்சல் வந்த பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். ஆனால் அறிகுறி தெரியும் முன்பே தொற்றைப் பரப்பக்கூடிய நோய் இது. அதனால் வாசலில் வெப்பமானியை நெற்றிக்கு நீட்டினால் மட்டும் எல்லாரையும் பிடித்துவிட முடியாது.

நடந்ததையே பாருங்கள். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சின்ன வகுப்புகளைத் திறந்தது. ஊரில் பரவல் இறங்குமுகம். பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை திறந்தவெளியில் பாடம் நடத்தினார்கள். பெரிதாக எதுவும் வெடிக்கவில்லை. இஸ்ரேலும் பரவல் குறைந்த பிறகுதான், மே 17 அன்று, பள்ளிகளை முழுதாகத் திறந்தது. பத்தே நாளில் ஜெருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொற்று பிடித்துக்கொண்டது: 153 மாணவர்கள், 25 ஊழியர்கள். வகுப்புக்கு 35 முதல் 38 பேர், நெருக்கமான அறைகள். அந்த வாரம் கடும் வெப்ப அலை என்பதால் முகக்கவச விதியைத் தளர்த்தியிருந்தார்கள், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

“டென்மார்க்கைப் பார்” என்று ஒருவர் சொல்வார். “இஸ்ரேலைப் பார்” என்று மற்றவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அடுத்த கேள்வி எழும்.

இதுவரை சொன்னது: தொற்றினால் எவ்வளவு பாதிப்பு என்பதை வயதும் உடல்நிலையும் தீர்மானிக்கின்றன. தொற்றாளர் அறைக்குள் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை ஊர் நிலவரமும், எத்தனை பேரைச் சந்திக்கிறோம் என்பதும் தீர்மானிக்கின்றன. வந்த பிறகு என்ன ஆகும் என்பது அறையைப் பொறுத்தது.

## எந்த அறையில்?

முதல் சில மாதங்கள் எல்லாரும் கையைக் கழுவினோம், மேசையைத் துடைத்தோம். நானும் கதவுக் கைப்பிடி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்த ஆள்தான். தொட்டால் ஒட்டும், இருமினால் தெறிக்கும், இந்த இரண்டு வழிகள்தான் மனதில் இருந்தன. இருமும்போது தெறிப்பது கண்ணுக்குத் தெரியும் திவலை. கல் எறிந்த மாதிரி கொஞ்ச தூரம் போய்க் கீழே விழுந்துவிடும். ஆனால் பேசும்போதும், பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட அதைவிட மிகச் சிறிய துளிகள் வெளியே வருகின்றன. இவற்றுக்கு நுண்திவலை என்று பெயர். இவை உடனே விழுவதில்லை. காற்றில் மிதக்கின்றன, அறை முழுக்கச் சுற்றுகின்றன.

சிகரெட் புகையை நினைத்துக்கொண்டால் எல்லாம் புரியும். மூடிய அறையின் ஒரு மூலையில் ஒருவர் புகைத்தால் எதிர் மூலையில் இருப்பவருக்கும் நாற்றம் வரும். பக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணே எரியும். ஜன்னலைத் திறந்தால் குறையும். மைதானத்தில் புகைத்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியக்கூட வராது. கடைசியாக ஒன்று: புகைத்தவர் எழுந்து போன பிறகும் புகை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். நுண்திவலையும் ஏறக்குறைய இப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனமே இதைத் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 வரை ஆனது. மேசை துடைப்பதைப் பற்றி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது இது: கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வர 10,000இல் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. அதற்குள் எத்தனையோ பள்ளிகள் மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு வாங்கி நிறுத்திவிட்டன. புகைக்கு நடுவே அட்டையைப் பிடித்தால் புகை நின்றுவிடுமா? காற்று ஓடும் வழியை அது அடைத்ததுதான் மிச்சம்.

அறையின் காற்று எவ்வளவு பழையது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு: கார்பன் டை ஆக்சைடு மீட்டர். வெளிக்காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. வகுப்பறை மீட்டர் 1,200 காட்டுகிறது என்று வையுங்கள். வெளிக்காற்றைவிட 780 கூடுதல். அந்தக் கூடுதல் எல்லாம் உள்ளே இருப்பவர்களின் மூச்சிலிருந்து வந்தது. 780ஐ 40,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 சதவீதம். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு 50 மூச்சிலும் ஒரு மூச்சு, ஏற்கெனவே இன்னொருவரின் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. மீட்டர் 2,000 காட்டினால் 25 மூச்சுக்கு ஒன்று. 800 என்றால் 100க்கு ஒன்று. மீட்டர் கிருமியை அளக்கவில்லை, மூச்சுக்காற்று எவ்வளவு பகிரப்படுகிறது என்பதைத்தான் அளக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு புரிந்த நாளிலிருந்து மூடிய அறைக் கூட்டங்களில் என் கண் தானாக ஜன்னலைத் தேடுகிறது.

அப்புறம், ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு நேரத்தில் காற்று சுத்தமாகும்? அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று உள்ளே வருவதை ஒரு காற்று மாற்றம் என்பார்கள். பெயரைக் கேட்டால் பழைய காற்று முழுக்கப் போய்விட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. அழுக்குத் தண்ணீர் நிறைந்த வாளியில் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். வழிந்து போவது கலந்த தண்ணீர். ஒரு வாளி நல்ல தண்ணீரை முழுதாக ஊற்றிய பிறகும், அழுக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே இருக்கும். அறையும் அப்படியே. மணிக்கு 2 காற்று மாற்றம் நடக்கும் அறையில் மிதக்கும் துளிகளில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடம் ஆகும். மணிக்கு 6 என்றால் 46 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு பாடவேளை. காலை முதல் பாடவேளையில் ஒருவர் விட்ட மூச்சு, காற்றோட்டம் இல்லாத அறையில் மூன்றாம் பாடவேளைக்கு வருபவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த மூன்று வகுப்பும் அங்கேயே நின்று பாடம் எடுப்பவரை நினைத்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் 2020 குளிர்காலத்தில் பள்ளிகளுக்குச் சொன்ன வழி மிக எளியது: 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல்களை முழுக்கத் திறந்து சில நிமிடம் விடுங்கள். பிள்ளைகள் குளிர்க்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். இது புதிய யோசனையும் கிடையாது. காசநோய்க்குப் பயந்து 1904இல் பெர்லினை அடுத்த ஷார்லட்டன்பர்க்கிலும், 1908இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலும் திறந்தவெளிப் பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் தெரிந்திருந்ததை நாம் மறந்து, ஜன்னலை ஆணி அடித்து மூடி, குளிர்சாதனம் மாட்டிக்கொண்டோம்.

## 6 அடி 3 அடியான கதை

காற்றைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு தூரத்தைப் பார்த்தால் அந்தச் சண்டையும் விளங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 1 மீட்டர் என்றது. அமெரிக்கா 6 அடி என்றது. பிரிட்டன் 2 மீட்டர் என்றது. நாட்டுக்கு நாடு கிருமி வேறு தூரம் தாண்டுமா என்ன? பக்கத்தில் இருந்தால் புகை அடர்த்தி அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. நடுவில் “இதற்கு மேல் பயமில்லை” என்ற கோடு எதுவும் கிடையாது. கோடு மனிதர்கள் போட்டது.

2021 மார்ச் 19 அன்று அமெரிக்க மையம் வகுப்பறையில் முகக்கவசம் அணிந்த மாணவர்களுக்கு இடையேயான தூரத்தை 6 அடியிலிருந்து 3 அடியாகக் குறைத்தது. தூரத்தைப் பாதியாக்கினால் அதே தரையில், தாளில் போடும் கணக்குப்படி, நான்கு மடங்கு மேசை போடலாம். சுழற்சி முறையில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் வரலாம். “இடம் போதவில்லை என்றதும் விதியை வளைத்துவிட்டார்கள்” என்று ஆசிரியர்கள் பலர் கொதித்தார்கள். அதே அறிவிப்பில் இன்னொரு வரி இருந்தது, பலரும் கவனிக்கவில்லை. பெரியவர்களுக்கு இடையிலும், பெரியவருக்கும் மாணவருக்கும் இடையிலும் 6 அடி அப்படியே தொடரும் என்ற வரி. “யாருக்கு?” என்ற கேள்விக்கு அந்த ஒரு தாளிலேயே இரண்டு பதில்கள்.

## பள்ளி தொற்றை உண்டாக்குகிறதா, காட்டுகிறதா?

பள்ளியில் பத்துப் பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தால் அவர்களுக்கு அது பள்ளியில்தான் வந்தது என்று அர்த்தம் இல்லை. வீட்டில் வந்து, பள்ளியில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம். இதைப் பிரித்தறிவது கடினம். திறந்த பள்ளியையும் மூடிய பள்ளியையும் ஒரே நாட்டில், ஒரே நேரத்தில், மற்றவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது ஒப்பிட வேண்டும்.

ஸ்வீடன் தெரிந்தோ தெரியாமலோ அந்த ஒப்பீட்டுக்கு வழி செய்தது. 2020 மார்ச்சில் மேல்நிலை வகுப்புகள் இணையவழிக்குப் போயின. ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளிக் கட்டடத்திலேயே நடந்தன. அதாவது ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பள்ளிக்குப் போனார், அடுத்த வகுப்பு ஆசிரியர் வீட்டிலிருந்து எடுத்தார். வயது, சம்பளம், ஊர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு கணக்குப் பார்த்தபோது, நேரில் போன ஆசிரியர்களிடம் கண்டறியப்பட்ட தொற்று, வீட்டிலிருந்தவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. நேரடிப் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரிடமோ அது கொஞ்சம்தான் கூடியிருந்தது.

ஒரே ஆய்வு. “பள்ளி திறந்ததால் ஊரில் பெரிதாகப் பரவவில்லை” என்று தலைப்புப் போடலாம். “ஆசிரியருக்குத் தொற்று இரட்டிப்பு” என்றும் போடலாம். இரண்டும் உண்மை. எந்தத் தலைப்பைப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் எந்தக் கட்சி என்பதும் முடிவாகிவிடுகிறது.

## தராசின் இன்னொரு தட்டு

வீட்டிலிருந்து கற்பதற்கு விலையே இல்லை என்பது போல ஆசிரியர் தரப்பில் சிலர் பேசினார்கள். அதை நான் ஏற்கவில்லை. உச்சத்தில் உலகம் முழுக்கச் சுமார் 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் குறைந்தது 46 கோடிப் பேருக்கு இணையவழி, வானொலி, தொலைக்காட்சி என எந்த வழியிலும் பாடம் எட்டவில்லை என்று யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தன. அத்தனை வசதிகள் கொண்ட நெதர்லாந்தில்கூட, வெறும் எட்டு வாரம் பள்ளி மூடியிருந்ததில், மாணவர்கள் ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்தங்கினார்கள். பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக.

மூடுவதும் ஓர் இடர்தான். மெதுவாக வரும், எண்ணிக் காட்ட நாளாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

## பிள்ளைக்குப் பள்ளி, ஆசிரியருக்குப் பணியிடம்

தராசில் வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஒரு தட்டில் பிள்ளைகளின் படிப்பு, மறு தட்டில் ஆசிரியரின் உடல்நலம். ஆனால் தட்டில் இருப்பவர்கள் ஒரே ஆட்கள் இல்லையே. பலன் ஒருவருக்கு, இடர் இன்னொருவருக்கு. இப்படி ஆகும்போது கேள்வி மருத்துவத்திலிருந்து நழுவி, வேலை உரிமைக்குப் போய்விடுகிறது.

மலை ஏறுபவர் தன் இடரைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அதே மலையில் வேலைக்காக ஏற்றிவிடப்படுபவர் “கயிறு எங்கே?” என்று கேட்பார். அவரைக் கோழை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

2021 ஜனவரியில் சிகாகோவில் பணியாளர்களை முதலில், மாணவர்களைப் பிறகு கட்டடத்துக்கு அழைத்தார்கள். சில ஆசிரியர்கள் அந்த ஊர்க் குளிரில் பள்ளிக்கு வெளியே மேசை போட்டு, கோட்டும் கையுறையுமாக, மடிக்கணினியில் பாடம் எடுத்தார்கள். தொழிற்சங்கம் வாக்கெடுத்து, வீட்டிலிருந்து மட்டுமே வேலை என்றது. பிப்ரவரியில்தான் உடன்பாடு வந்தது. பேச்சுவார்த்தையில் முட்டிக்கொண்ட இடங்களைப் பார்த்தால், “திறக்கலாமா வேண்டாமா” என்பதைவிட, தடுப்பூசி எப்போது, வீட்டில் நோயாளி இருக்கும் ஆசிரியருக்கு விலக்கு உண்டா, பரவல் எந்த அளவைத் தாண்டினால் மீண்டும் மூடுவோம் என்பவைதான் பெரிதாகத் தெரிகின்றன. யாருக்கு, எப்போது என்ற நம் கேள்விகளேதான், பேரம் பேசும் மேசையில்.

இங்கிலாந்தில் 2021 ஜனவரி 4ஆம் தேதி காலை தொடக்கப் பள்ளிகள் பல திறந்தன. அன்று மாலையே பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி மூடச் சொன்னார். ஒரே ஒரு நாள். பெரும் ஆபத்து உடனடியாக இருக்கிறது என்று நியாயமாக நம்பும் ஊழியருக்குப் பாதுகாப்புத் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை எடுத்துக்காட்டி, ஆசிரியர் சங்கம் அதற்கு முன்பே தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை சொல்லியிருந்தது. காலையில் பயந்தவரைத் திட்டியவர்கள் மாலையில் என்ன சொன்னார்களோ.

இன்னொரு குழப்பமும் இங்கே கலந்துகிடக்கிறது. ஆசிரியர் திரும்புவதும் மாணவர் திரும்புவதும் ஒன்றல்ல. மாணவர் இல்லாத வெற்று வகுப்பறைக்கு ஆசிரியரை வரவழைத்து, அங்கிருந்து திரையில் பாடம் எடுக்கச் சொன்ன இடங்களும் உண்டு. தனி அறையில் தனியாக இருப்பவருக்குத் தொற்று இடர் மிகக் குறைவுதான். ஆனால் அதனால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். இடர் குறைவு, பலன் அதைவிடக் குறைவு. எரிச்சல் மட்டும் நிறைய.

2021 மார்ச் இறுதிக்குள் அமெரிக்காவில் ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் முதல் தவணைத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். அதோடு வாதத்தின் சூடு மளமளவென்று தணிந்தது. கிருமி ஊரை விட்டுப் போய்விடவில்லை. தொற்றினால் 55 வயதுக்காரர் இறக்க 250இல் ஒன்று என்ற அந்த எண்தான் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

## சல்லடைகளும் ஒரு வகுப்பறையும்

எந்த ஒரு தடுப்பும் முழுத் தடுப்பு ஆகாது. ஓட்டை பெரிய சல்லடை மாதிரி, பாதியைப் பிடிக்கும், பாதியை விட்டுவிடும். ஆனால் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சல்லடைகளை வைத்தால்? முதலாவது பாதியை விடும், இரண்டாவது அதில் பாதியை, மூன்றாவது அதிலும் பாதியை. மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. முகக்கவசம், காற்றோட்டம், சிறு குழு, தடுப்பூசி, உடல்நிலை சரியில்லாதவர் வீட்டில் இருப்பது என ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. “முகக்கவசம் போட்டும் வந்ததே, அப்புறம் எதற்கு?” என்பவர் ஒரு சல்லடையை மட்டும் கையில் எடுத்து அதன் ஓட்டையைக் காட்டுகிறார்.

சல்லடைகள் பல இருந்தும் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம், கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. மேசைகளுக்கு இடையே 6 அடி. கதவும் ஜன்னல்களும் திறந்திருந்தன. காற்று வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். தடுப்பூசி போடும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஆசிரியர் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர். மூக்கடைப்பும் சோர்வும் வந்தபோது ஒவ்வாமை என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். கதை வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றினார். அதுவரை இந்த விவாதம் முழுக்க, தொற்று வாங்கிக்கொள்பவராக மட்டுமே பேசப்பட்ட ஆசிரியர், இங்கே தொற்று கொடுத்தவர்.

24 பிள்ளைகளில் 12 பேருக்கு வந்தது. முன் இரண்டு வரிசைகளில் 10 பேரில் 8 பேர். பின் மூன்று வரிசைகளில் 14 பேரில் 4 பேர்.